துப்பாக்கி இருக்கா?

2024 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து ஜூன் மாதம் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் உள்ள துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். தாத்தா மார்ச்சில் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கட்டையின் கழுத்து விரிந்திருந்தது. கட்டுக்கட்டாகச் சாய்த்து வைத்ததில் எதன் அடியிலோ அமுங்கியிருக்க வேண்டும். குதிரைக்குப் பின்னால், கை பிடிக்கிற இடத்திலிருந்து நீளமாக ஒரு பிளவு. தூக்கிப் பிடித்தால் இரண்டு துண்டும் தனித்தனியாக ஆடின.

"வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே தாத்தா" என்றேன்.

"கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். ஒடைஞ்சிருக்குன்னு சொன்னா, நீதான் ஒடைச்சேன்னு எழுதுவாங்க பாப்பா."

அவர் நரிக்குறவர். தங்களுக்குள் வாக்ரி என்று சொல்லிக்கொள்வார்கள், பேசுவது வாக்ரிபோலி. பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர், மலையப்ப நகர் என்று அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. தாத்தா எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை, பெயரையும் எழுதப்போவதில்லை. ஏன் என்பது படிக்கும்போதே புரியும்.

நான் செந்துறைப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு, பத்து வருடமாகப் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சாதிச் சான்றிதழ், பட்டா, பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளைகள் என்று அலைகிற வேலை. தாத்தா முதல் இரண்டு வருடம் என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார். எங்கள் அப்பா ஊர்த்தெருவில் அந்தச் சொல்லைச் சொல்லிக் குனிந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதே சொல்லை ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னபோது உடம்பு கூசியது. வேண்டாம் என்று எத்தனையோ முறை சொன்னேன், கேட்கவில்லை. அவர் மனைவி இறந்த அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். அதற்குப் பிறகுதான் 'பாப்பா' ஆனேன்.

துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புதுப்பிக்கும்போது துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். உடைந்ததைக் காட்டினால் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு. டவுனில் ஒரு மரப்பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆசாரி தொட மாட்டேன் என்றார். "துப்பாக்கி வேலை செஞ்சா கேஸ் ஆயிடும்மா." அவர் சொன்னதில் உண்மை இருந்தது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். அதனால் ஆசாரியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என்னை உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டவர், தாத்தாவை வாசலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தினார். அதற்கு எந்தச் சட்டப் பிரிவும் காரணமில்லை.

உரிமம் உள்ள கடைக்குத் திருச்சிக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் துப்பாக்கியோடு ஒரு நரிக்குறவர் போனால் வழியில் எத்தனை இடத்தில் இறக்கிக் கேள்வி கேட்பார்கள் என்று தாத்தாவுக்குத் தெரியும். "இரும்புல நான் கை வைக்க மாட்டேன். இது மரம்தானே. எங்கப்பன் செஞ்சதை நான் ஒட்டப் போறேன்" என்றார். அவருடைய பெயரை நான் எழுதாததற்கு அந்த 5ஆம் பிரிவும் ஒரு காரணம்.

அடுத்த பத்து நாளில் நாலு முறை போனேன். ஒவ்வொரு முறையும் வேலை ஒரு படி நகர்ந்திருந்தது.

முதலில் இரும்பையெல்லாம் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். மிச்சம் வெறும் கட்டை. வருடக்கணக்கில் எண்ணெயும் கைவியர்வையும் ஊறிக் கறுத்துக் கிடந்தது. எண்ணெய் இறங்கிய மரத்தில் பசை பிடிக்காது. சலவைச் சோடா கரைத்த சுடுதண்ணீரில் பிளவைக் கழுவி, சுண்ணாம்புப் பொடியை அப்பி மூன்று நாள் வெயிலில் போட்டார். சூட்டில் எண்ணெய் கசிந்து சுண்ணாம்பு மஞ்சளாகும். தட்டிவிட்டு மறுபடியும் அப்ப வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாகவே நின்ற பிறகுதான் பசையை எடுத்தார்.

பிளவுக்குள் சின்ன ஆப்பு ஒன்றை வைத்து விரித்து, வாழைநாரால் பசையை அடிவரை இறக்கினார். ஆப்பை எடுத்துவிட்டு, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றினார். பட்டறையில் இரும்பு இடுக்கி செய்கிற வேலையை அந்த ரப்பர் செய்தது. இரண்டு நாள் கழித்து அவிழ்த்தார். கழுத்தில் சில்லு பெயர்ந்துபோன இடத்துக்குப் பூவரசு மரத்தில் ஒரு துண்டு செதுக்கிப் பதித்தார். பிறகு சாய்வாக இரண்டு துளை போட்டு மூங்கில் ஆணி அடித்தார். அதன் மேல், கருகிப்போன மோட்டார் காயிலிலிருந்து பிரித்த செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினார்.

"ஏன் தாத்தா கழுத்திலேயே ஒடையுது?"

கட்டையைத் திருப்பி மரத்தின் ரேகையைக் காட்டினார். ரேகை கட்டையின் நீளத்தோடு ஓடி வந்து, கழுத்து வளைகிற இடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டு நின்றது. "நேர்ப் பலகையில வளைவு வெட்டினா இப்படித்தான். பூவரசுல வளைஞ்ச கிளையாப் பாத்து எடுக்கணும். ரேகையும் கூடவே வளையும். அப்பனுக்கு அன்னிக்கு அது கெடைக்கல போல."

எனக்கு அங்கே ஒரு பழைய நினைப்பு வந்தது. கல்லூரியில் நான் என்.சி.சி.யில் இருந்தேன். அணிவகுப்புக்குக் கொடுத்தது பழைய .303 லீ என்ஃபீல்டு, சுட முடியாதபடி செய்து 'டிபி' என்று குறித்த துப்பாக்கி. இரண்டு உலகப் போரிலும் பிரிட்டிஷ் ராணுவமும் அதன் கீழிருந்த இந்திய ராணுவமும் சுமந்த வகை. கிட்டத்தட்ட நாலு கிலோ. நான் ஐந்தடிக்கும் குறைவு. கட்டளைக் குரல் கேட்டதும் தோளுக்கு ஏற்றுவேன், கட்டையின் அடி இடித்து இடித்துத் தோள் கன்றிப்போகும். உடம்பில் தெம்பில்லை என்று திட்டு விழும். என் உடம்பில்தான் கோளாறு என்று நானும் நம்பினேன்.

ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். அந்த லீ என்ஃபீல்டுக்கு அடிக்கட்டை நாலு நீளத்தில் செய்திருக்கிறார்கள். சாதாரண அளவு ஒன்று, அதைவிட அரை அங்குலம் நீளமானது ஒன்று, அரை அங்குலம் குட்டை ஒன்று, ஓர் அங்குலம் குட்டை ஒன்று. ஆளின் கைக்கு ஏற்ற மாதிரி மாட்டிக் கொடுக்கத்தான். கட்டை பிளக்கக் கூடாது என்பதற்காக இந்தியாவின் ஈசாப்பூர் தொழிற்சாலை முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகு சேர்த்தது. கையெறி குண்டு ஏவுகிற துப்பாக்கிகளில் முன்கட்டையைச் செம்புக் கம்பியால் சுற்றினார்கள். தாத்தா காயில் கம்பியால் செய்த அதே வேலை.

அதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "சட்டை தெச்சா அளவு எடுக்க மாட்டாங்களா? ஒனக்கு யாரும் எடுக்கலையா?" என்று கேட்டார். பிறகு கட்டையின் அடியை என் முழங்கை மடிப்பில் வைத்து, விரல் எங்கே வருகிறது என்று பார்த்தார். "ஒனக்கு ரெண்டு விரற்கடை வெட்டணும்" என்று சிரித்தார்.

அவருக்கே அந்தக் கட்டை சரியான அளவாக இருந்ததில்லை. அவருடைய அப்பா நெட்டை. அப்பா காலமான பிறகு உரிமத்தைத் தன் பேருக்கு வாங்கியவர், கட்டையை மட்டும் அப்பாவின் அளவிலேயே வைத்திருந்தார். இப்போது வலது கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது. எப்படியும் பிரித்தாயிற்று என்று அடியில் ஒரு விரற்கடை அறுத்தார். இடது கன்னம் படுகிற மாதிரி மேல் விளிம்பை அரத்தால் இழைத்தார். கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் கடை லின்சீட் ஆயிலை உள்ளங்கையில் ஊற்றிக் கை சுடுகிறவரை தேய்த்தார்.

"இடது தோளுக்கு மாத்துறீங்களே, இனிமே எதைச் சுடப் போறீங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று உறைத்தது.

அவர் எதையும் சுட முடியாது. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம், பட்டியலில் உள்ள விலங்குகளை உரிமம் வாங்கி வேட்டையாடுவதையும் நிறுத்தியது. மிச்சம் இருந்தது எலி, காகம், பழந்தின்னி வௌவால் என்று 'பீடை' என்று ஒதுக்கிய ஒரு சின்ன அட்டவணை. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையும் போய்விட்டது. காட்டுயிரைக் காப்பது தவறென்று நான் சொல்லவில்லை. ஒரு சமூகத்தின் சோற்றை எடுத்தவர்கள் அதற்குப் பதிலாக என்ன கொடுத்தார்கள் என்றுதான் கேட்கிறேன். கொடுத்தது ஊசிமணி, பாசிமணி விற்கிற பஸ் ஸ்டாண்டு.

சட்டத்தில் இந்தத் துப்பாக்கிக்கு ஒரு வேலை இருக்கிறது. வாய் வழியாக மருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணத்தில் உரிமம் தரலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு காலத்தில் மக்காச்சோளக் காட்டுக்காரர்கள் தாத்தாவைக் கூப்பிட்டுக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். பயிர் அவருடையதில்லை. நிலமும் அவருடையதில்லை.

அப்படியானால் எதற்கு இத்தனை பாடு? பெட்டியைத் திறந்து இரண்டு உரிமப் புத்தகங்களை எடுத்துக் காட்டினார். ஒன்று அவருடையது. மற்றது அப்பாவுடையது, ஓரமெல்லாம் செல்லரித்தது. அப்பாவின் புத்தகத்தில் 'திருச்சிராப்பள்ளி மாவட்டம்' என்று இருந்தது. மகனுடையதில் 'பெரம்பலூர் மாவட்டம்'. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனியானது, அடுத்த வருடமே பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007இல் மறுபடியும் பிரிந்தது. நாடோடி என்று இவரைச் சொல்கிறோம். இவர் இருந்த இடத்திலேயேதான் இருந்தார், மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

அப்பா பள்ளிக்கூடம் போகவில்லை. பிறப்புச் சான்று இல்லை, பட்டா இல்லை. ஒரு வாக்ரி, அவன் தகப்பன் பெயர், ஊர், முகவரி, அரசு முத்திரை எல்லாம் சேர்ந்து இருக்கிற பழைய காகிதம் அந்தக் குடும்பத்தில் இது ஒன்றுதான். அரசு அவர்களை ஓர் ஆளாக எழுதி வைத்தது துப்பாக்கிக்காகத்தான். துப்பாக்கி உடைந்து, உரிமம் புதுப்பிக்காமல் போனால் அந்தப் புத்தகம் செத்துப்போகும். அதனால்தான் தாத்தா கட்டையை ஒட்டினார்.

அந்தக் காகிதத்துக்கு இப்போது அவசரத் தேவை இருந்தது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அதுவரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கிடந்தவர்கள். எத்தனையோ வருடம் கேட்டு, போராடிக் கிடைத்தது. தாத்தாவின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு. நர்சிங் படிக்க ஆசை. பழங்குடிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். விசாரணைக்கு ஆள் வந்தார்.

வந்தவர் பேத்தியிடம் அவளுடைய மொழியில் நாலு வார்த்தை பேசச் சொன்னார். பாசிமணி கோக்கத் தெரியுமா என்றார். பிறகு தாத்தாவைப் பார்த்து, "துப்பாக்கி இருக்கா? வேட்டைக்குப் போவீங்களா?" என்றார்.

நான் பக்கத்தில் நின்றேன். போவேன் என்றால் காட்டுயிர்ச் சட்டம். போக மாட்டேன் என்றால் இவர் பழங்குடிதானா என்ற சந்தேகம். தாத்தா பேசாமல் உள்ளே போய், ஒட்டிக் காயவைத்திருந்த வெறும் கட்டையை எடுத்து வந்து காட்டினார். வந்தவருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

எனக்கு வகுப்பறை நினைவுக்கு வந்தது. எட்கர் தர்ஸ்டன் என்ற மெட்ராஸ் மியூசியம் கண்காணிப்பாளர் நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் ஏழு தொகுதியாகப் புத்தகம் போட்டார். குருவிக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். அது காலனியக் காலத்து மானுடவியல், முடிந்துபோன கதை என்று தேர்வில் எழுதி மார்க் வாங்கினேன். அது முடியவில்லை. கருவியின் இடத்தில் கேள்வி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிர ஆதிவாசி தாக்கூர் ஜமாத் வழக்கில் 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பழக்கவழக்கம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற சோதனையை மட்டும் வைத்து ஒருவர் பழங்குடியா இல்லையா என்று முடிவு கட்டக் கூடாது என்றார்கள். படிப்பு, வேலை, இடப்பெயர்வு எல்லாம் மனிதர்களின் பழக்கத்தை மாற்றும். மாறியதால் ஒருவர் வேறு சமூகத்தவர் ஆகிவிட மாட்டார். களப்பணியில் இருக்கிற தோழர்கள் விண்ணப்பத்தோடு இந்தத் தீர்ப்பின் நகலையும் இணையுங்கள். நாங்கள் பேத்தியின் விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறோம்.

துப்பாக்கி என்றாலே ஆபத்து, அதனால்தான் இத்தனை கெடுபிடி என்பவர்களுக்கு ஒன்று. 1857க்குப் பிறகு பிரிட்டிஷார் இந்தியச் சிப்பாய்களை நம்பவில்லை. நல்ல துப்பாக்கிகளைத் தங்கள் ஆட்களுக்கு வைத்துக்கொண்டு, மட்டமானவற்றை இந்தியர்களுக்குக் கொடுத்தார்கள். 1878இல் ஆயுதச் சட்டம் போட்டு ஊரார் கையிலிருந்தும் பிடுங்கினார்கள். யார் கையில் எந்தத் துப்பாக்கி என்பது எப்போதுமே நம்பிக்கையைப் பொறுத்தது. குடகில் கொடவர்களுக்குப் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அது அவர்களின் பண்பாடு, வீரம் என்று காரணம் சொல்லப்படுகிறது. இருக்கட்டும். நிலம் உள்ளவரின் துப்பாக்கி பண்பாடாக இருக்கிறது, நிலம் இல்லாதவரின் துப்பாக்கி சந்தேகமாக இருக்கிறது.

இதையெல்லாம் அரசைப் பார்த்துக் கேட்பது எனக்குச் சுலபம். என் சேரியைப் பார்த்துக் கேட்பதுதான் கஷ்டம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊசிமணி விற்கிற பெண்கள் எங்கள் தெருவுக்கு வருவார்கள். தண்ணீர் கேட்டால் என் பாட்டி சொம்பைக் கையில் கொடுக்க மாட்டார், தூக்கி ஊற்றுவார். ஊர்த்தெருவில் எங்களுக்கு எப்படி ஊற்றினார்களோ அப்படியே. படிக்கட்டு மாதிரி அடுக்கி வைத்த ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் விளக்கியதைப் பக்கம் பக்கமாக எழுதிப் பட்டம் வாங்கியவள், பாட்டியின் சொம்பை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. பட்டறை வாசலில் தாத்தா வெயிலில் நின்றபோது நான் உட்கார்ந்திருந்தேனே, அந்த ஸ்டூலும் அதே படிக்கட்டில் ஒரு படிதான். நான் எழுந்து வெளியே வர இரண்டு நிமிஷம் ஆனது. அந்த இரண்டு நிமிஷம் இன்னும் என்னை விடவில்லை.

போன வாரம் உரிமம் புதுப்பிக்கத் துப்பாக்கியைக் கொண்டுபோனோம். சரிபார்த்தவர் குழாயில் பொறித்திருந்த எண்ணைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார், ஒரு டிக் போட்டார். கட்டையை அவர் பார்க்கவே இல்லை. செம்புக் கம்பி வெயிலில் மின்னிக்கொண்டு இருந்தது.

திரும்பி வரும்போது தாத்தாவிடம் கேட்டேன், "கவனிக்கவே இல்லையே, வருத்தமா?"

"அவங்களுக்கு நம்பரு. கட்டை எனக்குத்தானே பாப்பா" என்றார்.

பேத்தியின் சான்றிதழ் இன்னும் வரவில்லை. மறுபடியும் விசாரணைக்கு வருவார்களாம். இந்த முறை துப்பாக்கி இருக்கா என்று கேட்டால், அந்தக் கேள்வியை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன்.